கேட்பாரற்ற படகுகள்

கடலோரப் பங்குகளை அறியாத நம் வாசகர்க்குப் படகு என்பது ஒருமுறை செய்து நீரில் இறக்கிவிட்டால் பல்லாண்டு தானே மிதந்து கிடக்கும் பொருளாகத் தோன்றும். உள்நாட்டுச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த நாமும், குருவாகி இராமேசுவரம் தீவிலுள்ள ஒரு பங்கிற்கு அனுப்பப்படும் வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். அங்கு நாம் கண்ட முதல் மாரிக்காலத்தில், இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு விடியற்காலையில் திருப்பலிக்கு வழக்கமாக வரும் ஆண்களுள் ஒருவரையும் காணவில்லை. உபதேசியாரை விசாரித்தோம். "படகுல தண்ணி இறைக்கப் போயிருக்காங்க, சாமி" என்றார். கடலுக்குச் செல்லாத நாளில் படகில் என்ன வேலை என்று கேட்ட நம்மை அவர் இரக்கத்தோடு நோக்கியது இன்றும் நினைவில் நிற்கின்றது.

மரப்படகுக்குக் கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே பெரும் பகை. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். மேல்தளத்தின் வழியே கசிந்து உள்ளே தேங்கும் நன்னீரோ பலகையை உளுத்துப்போகச் செய்யும். வெயிலில் காயும் மேற்பலகைகள் சுருங்க, இடுக்குகளில் அடைத்த பஞ்சும் பிசினும் கழன்று விழும். நீருக்கடியில் கொட்டலசுகள் அப்பிக்கொள்ளும். வண்ணப்பூச்சு தேய்ந்த இடங்களில் கப்பற்புழு நுழைந்து, வெளியே ஊசித்துளையளவு மட்டும் தெரிய, உள்ளே மரத்தைச் சல்லடையாக்கிவிடும். இவற்றைத் தடுக்கவே படகைக் கரையேற்றிச் சுரண்டி, அடைத்து, வண்ணம் பூசுகின்றனர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நீடிக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளைப் பொறுத்தவரை இந்தப் பழுதுபார்ப்புக் காலமுமாகும். ஓரிரு மாரிக்காலம் ஆள் தீண்டாமல் விடப்பட்ட மரப்படகு மீண்டும் தொழிலுக்கு உதவுவது அரிது.

இத்தனையும் சொல்லக் காரணம், வட இலங்கைத் துறைகளில் ஆள் தீண்டாமலே கிடக்கும் தமிழ்நாட்டுப் படகுகள். காரைநகர், காங்கேசன்துறை, மயிலிட்டி, கிராஞ்சி, தலைமன்னார் ஆகிய இடங்களில், எல்லை தாண்டி மீன்பிடித்ததாக இலங்கைக் கடற்படை பிடித்த விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்திருக்கின்றன. கயிறு அறுந்தவை ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. நீர் ஏறியவை கட்டிய இடத்திலேயே அமிழ்கின்றன. அமிழ்ந்த படகில் எஞ்சிய டீசலும் எண்ணெயும் மெல்லக் கசிந்து துறையெங்கும் பரவும். அதன் முறிந்த விலா எலும்புகள் அடுத்து வரும் வள்ளத்தின் அடியைக் கிழிக்கும்.

அப்படகுகளுக்கு உரிமையாளர் இல்லாமலில்லை. பதிவுச் சான்றும் கடன் பத்திரமும் கையிலிருக்க, பாக் நீரிணையின் இக்கரையில் அவர்கள் இருக்கின்றனர். பிடிபட்ட மீனவர்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஊர் திரும்பினாலும் படகின் வழக்கு தனியே நடக்கின்றது. உரிமையாளர் ஆவணங்களோடு அந்நாட்டு நீதிமன்றத்தில் நேரில் தோன்றவேண்டும்; தோன்றாவிடில் படகு அரசுடைமையாகும். தோன்றுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், வழக்கறிஞர் கட்டணம் வேண்டும்; தண்டம் எவ்வளவு விதிக்கப்படுமோ என்ற அச்சத்தையும் வெல்லவேண்டும். 2018-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின் அயல்நாட்டுப் படகுகளுக்கான தண்டம் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. வழக்குத் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் படகின் விலை குறைகின்றது. இறுதியில் விடுவிக்க ஆணை கிடைத்தாலும், இழுத்து வரும் செலவுக்குப் படகு பெறுமா என்று எண்ணிப்பார்த்து உரிமையாளரே கைவிடுகின்றார். கைவிடப்பட்ட படகு உருவாவது இப்படித்தான்; ஒருவரும் அதனைக் கைவிடத் தீர்மானித்து விட்டுச் செல்வதில்லை.

நம் பக்கத்து வழக்கை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. மயிலிட்டி மக்களை எண்ணிப்பாருங்கள். 1990-இல் போரினால் அவர்கள் ஊரை விட்டு வெளியேறினர். ஒருகாலத்தில் இலங்கையின் பெரும் மீன்பிடித் துறைகளுள் ஒன்றாயிருந்த அவ்விடம் 27 ஆண்டுகள் படையினர் வசம் இருந்து, 2017 சூலையில்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்களிடம் சிறு படகுகளே இருந்தன. துறைமுகத்தைச் சீரமைக்கும் பணி கட்டங் கட்டமாக நடந்து, 2025 செப்டம்பர் முதல் நாள் அந்நாட்டு அதிபர் மூன்றாம் கட்டத்தைத் தொடங்கி வைத்தார். அத்தகைய துறையில், தங்கள் படகைக் கட்ட வேண்டிய இடத்தை அயலாரின் உளுத்த படகுகள் அடைத்துக் கிடந்தால் அவர்கள் மனம் எவ்வாறு இருக்கும்? அதுவும், கடலடியை உழுதுசெல்லும் இழுவை வலையால் தங்கள் வலைகளை அறுத்த அதே வகைப் படகுகள்! இழுவை மடியை இலங்கை 2017-இல் தன் நாட்டினர்க்கும் சேர்த்தே தடைசெய்துவிட்டது. அவர்களும் தமிழர், அவர்களுள் நம் திருச்சபையைச் சேர்ந்தோர் மிகப் பலர், கச்சத்தீவு அந்தோணியார் கோவிலில் நம்மோடு ஒரே பந்தலில் முழந்தாளிடுவோர். 2024-இல் மீனவர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து நம் பக்கத்தார் அத்திருவிழாவிற்கே செல்லாதிருந்ததை நினைக்கையில், இப்படகுகள் எதையெல்லாம் நடுவே அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்பது விளங்கும்.

2022 பிப்ரவரியில் இலங்கைக் கடற்றொழில் திணைக்களம் 105 படகுகளை ஏலத்திற்கு அறிவித்தது. காரைநகரில் 65, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, காங்கேசன்துறையில் 5, கற்பிட்டியில் 2. இங்கே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏலம் என்ற சொல்லுக்கு அங்கே பழைய மரமும் இரும்பும் என்பதற்கு மேல் எவ்வளவு பொருள் இருந்திருக்கும்? தமிழ்நாட்டு அரசு 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 இலட்சமும் 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை இலட்சமும் நிவாரணம் அறிவித்தது. நல்ல செயலே; ஆனால் ஒரு புதிய விசைப்படகு அத்தொகையின் பல மடங்கு.

பொதுத் துறைமுகத்தில் ஆளற்ற படகை என்ன செய்வதென்பது உலகில் பலரும் தீர்த்துள்ள சிக்கலே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2002-இல் இயற்றிய சட்டப்படி, உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்பி, குறித்த நாட்களுக்குள் அவர் வராவிடில் துறைமுகத்தாரே படகைக் கையகப்படுத்தி அகற்றலாம். செலவின் பெரும்பகுதியை, படகுப் பதிவுக் கட்டணத்தோடு முன்கூட்டியே திரட்டிய நிதி தரும். அங்கு நாட்டெல்லைச் சிக்கல் இல்லை என்பது உண்மை. எனினும் அதன் உயிர்நாடி, குறித்த நாள். நம் கடலிலும் அதுவே வேண்டும் என்பது நம் கருத்து. பிடித்த வாரத்திலேயே டீசலை வடித்து, இயந்திரத்தைக் கணக்கெழுதி இறக்கிவைப்பது எந்த நாட்டின் சட்டத்திற்கும் முரணாகாது. உரிமையாளரின் சார்பாளரையோ தூதரக அலுவலரையோ நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, அடுத்த மாரிக்கு முன் விடுவிப்பா பறிமுதலா என்று முடிவுசெய்யட்டும். பறிமுதலானால் உடனே உடைத்து மரத்தை மயிலிட்டியார்க்கே கொடுக்கட்டும். வழக்கில் தோற்றாலும் நம்மவர்க்கு அதனால் இழப்பு கூடாது. காத்திருப்பில் கடனுக்குக் கட்டும் வட்டியாவது மிஞ்சும்.

அயலாரைச் சொல்லும்போது நம் கரையையும் பார்க்கவேண்டுமன்றோ. புயலில் உடைந்து, தூக்குவதற்கு ஆளின்றி மணலில் புதைந்த படகுகள் நம் துறைகளிலும் உண்டு. கண்ணாடியிழைப் படகுகளோ மரத்தைப் போல் மக்குவதுமில்லை, அடுப்பெரிக்க உதவுவதுமில்லை. இது தனியே எழுதவேண்டிய செய்தி.

அத்தீவில் இரண்டாம் முறை பணியாற்றியபோது பங்குக் குடும்பத் தலைவர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் படகு பிடிபட்டு நான்காண்டுகள் ஆகியிருந்தன. எல்லை தாண்டியது உண்மைதான் என்று அவரே ஒப்புக்கொண்டவர். தம் வழக்கிற்காக அக்கரை சென்று வந்த வேறொருவர் எடுத்திருந்த படமொன்றைக் காட்டினார். நீருக்கு மேல் அணியமும் சுக்கான் அறையின் கூரையும் மட்டும் தெரிந்தன. படகின் பதிவை நீக்கும்படி மீன்வளத் துறைக்கு மனு எழுதித் தரக் கேட்டார். எழுதினோம். 'படகு இப்போது இல்லை' என்று எழுதியதை அடித்து, 'பயன்படாத நிலையில் உள்ளது' என்று மாற்றச் சொன்னார். மாற்றியதும் கையொப்பமிட்டு, முந்தின இரவு நல்ல மழை என்பதால், தாம் கூலிக்குச் செல்லும் படகில் தண்ணீர் இறைக்க வேண்டுமென்று விரைந்து சென்றுவிட்டார்.