சட்டத்தில் மேற்படிப்பு: காணியை விற்க முன்னர்

1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு எழும்பிய குடும்பங்கள், முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்துகொண்டு பிள்ளைகளைப் படிப்பித்தன. அந்தப் பிள்ளைகளுட் சிலர் இன்று சட்டமாணிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அடுத்ததாக அவர்கள் கேட்பது எல்.எல்.எம். எனப்படும் சட்ட முதுமாணிப் படிப்பு. அதுவும் வெளிநாட்டில். 2017 ஜூலை 3ஆந் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. பின்னர் வேறு துண்டுகளும் விடுபட்டன. இருபத்தேழு வருடம் காத்திருந்து பெற்ற செம்மண் காணியைப் படிப்புக்காக விற்கலாமா என்று தகப்பன்மார் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விடயம் தெளிவாக வேண்டும். எல்.எல்.எம். படித்தால் நீதிமன்றத்தில் வழக்குப் பேசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இலங்கையில் சட்டத்தரணியாவதற்கு இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் தொழிற்பயிற்சி பெற்று, உச்ச நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். வெளிநாட்டு முதுமாணிப் பட்டம் இதற்குப் பதிலாகாது. எனவே மகனோ மகளோ இன்னும் சட்டத்தரணியாகவில்லை என்றால் முதலில் அதனை முடிக்கட்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, ஆராய்ச்சி, மனித உரிமை நிறுவனங்கள், சர்வதேச அமைப்புகள் ஆகியவற்றுக்கே முதுமாணிப் பட்டம் வழிதிறக்கும்.

விண்ணப்பத்தில் பல்கலைக்கழகம் முக்கியமாகப் பார்ப்பது இவர் எதைப் படிக்கப் போகிறார், ஏன் என்பதையே. இங்கேதான் நம் பிள்ளைகள் தங்கள் கையில் உள்ளதை மறந்துவிடுகிறார்கள். ‘சிறு வயது முதலே நீதியில் ஆர்வம்’ என்று எழுதுவார்கள். அதை ஆயிரம் பேர் எழுதுவார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு எழுத வேறு விடயம் இருக்கிறது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். இடம்பெயர்ந்தவரின் காணியில் இன்னொருவர் பத்து வருடம் இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கோரலாமே என்ற பயத்துக்குப் பதிலாக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க காலவிதிப்புச் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. உறுதி தொலைந்தவர், எல்லைக்கல் காணாமற்போனவர், தோம்பில் பாட்டனின் பெயர் மட்டுமே உள்ளவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு உண்டு.

இதனை உலகத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் முதுமாணிப் படிப்பு. 1913 ஜூன் 19ஆந் திகதிக்குப் பின் இனச் சட்டங்களால் காணி பறிக்கப்பட்டவர்கள் அதனை மீளக் கோர, தென்னாபிரிக்கா 1994இல் சட்டம் இயற்றியது. பொஸ்னியாவில் 1995ஆம் ஆண்டின் டேற்றன் உடன்படிக்கை, இடம்பெயர்ந்தோர் தம் வீடுகளுக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் வைத்தது. வீட்டையும் காணியையும் மீளப் பெறுவது பற்றிய பின்ஹேரோ கோட்பாடுகள் 2005இல் வந்தன. இவற்றில் ஒன்றை எடுத்து, மயிலிட்டியில் இது ஏன் நடக்கவில்லை அல்லது எப்படி நடக்கலாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதும் பிள்ளையின் விண்ணப்பம் தனித்துத் தெரியும். துயரத்தை நீட்டி எழுதத் தேவையில்லை. சட்டக் கேள்வியைத் தெளிவாக எழுதினாற் போதும்.

அடுத்தது பத்திரங்கள். பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம், விரிவுரையாளர் இருவரின் சிபாரிசுக் கடிதம், ஆங்கிலத் தேர்ச்சிப் பெறுபேறு, கடவுச்சீட்டு என்பன பொதுவாகக் கேட்கப்படும். (பங்குத் தந்தையின் நற்சான்றுக் கடிதம் இங்கே அதிகம் உதவாது. பாடத்தில் பிள்ளையை அறிந்தவரே எழுத வேண்டும்.) ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் சட்டத்துக்குப் பெரும்பாலும் 6.5 அல்லது 7 புள்ளி கேட்பார்கள். அந்தப் பெறுபேறு இரண்டு வருடமே செல்லும். ஆகவே மிக முந்தியும் எழுத வேண்டாம்.

நம்மவர் அதிகம் இடறுவது பெயரில். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுவதும். வெளிநாட்டு அலுவலருக்கு இவர்கள் மூன்று ஆட்கள். முகாமுக்கு முகாம் மாறிய குடும்பங்களில் இது இன்னும் மோசம். மூலப் பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுங்கள். பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். தமிழிலுள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். இந்த வேலைகளை விண்ணப்பம் தொடங்க ஒரு வருடம் முன்பே தொடங்கினால் நல்லது.

இனிப் பணம். பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்கான எல்.எல்.எம். கட்டணம் பல இடங்களில் இருபதாயிரம் பவுணைத் தாண்டும். அதன்மேல் வாழ்க்கைச் செலவு. சொந்தப் பணத்தில் போவோர் விசாவுக்காக, மீதிக் கட்டணத்தையும் ஒன்பது மாதம் வரையான செலவுப் பணத்தையும் 28 நாள் தொடர்ந்து வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். வட்டிக்கு வாங்கி இதைக் காட்டிய குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

புலமைப்பரிசிலைத்தான் முதலில் முயல வேண்டும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்குக் கட்டணம், விமானச் செலவு, மாதப் படி எல்லாவற்றையும் தருகிறது. 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். சம்பளமில்லாத தொண்டு வேலையும் கணக்கில் எடுபடும். மீள்குடியேறியவர்களுக்குக் காணி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிள்ளை அந்த மணித்தியாலங்களை எழுதி வைத்திருக்கட்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பம் வழக்கமாக ஓகஸ்டில் திறக்கும். அடுத்த வருடப் படிப்புக்கு ஒக்ரோபர் அளவில் மூடிவிடும். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் வருடம் கிடைக்காவிட்டால் மறு வருடமும் முயலலாம். அதற்கிடையில் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீடத்திலும் எல்.எல்.எம். உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எல்.எல்.எம். படிப்பை வீட்டிலிருந்தே, பாடம் பாடமாகக் கட்டணம் கட்டி, ஐந்து வருடத்துக்குள் முடிக்கலாம். வேலையும் விட வேண்டியதில்லை.

காணி விற்பது எங்கள் பார்வையில் கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது. ஒரு வருடப் படிப்பு முடிந்துவிடும். இன்று விற்ற விலைக்கு அந்தக் காணியைத் திரும்ப வாங்க முடியாது. அப்படியும் விற்பதென்றால், தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். 1947ஆம் ஆண்டு முதல் முன்வாங்கும் உரிமைக்குத் தனிக் கட்டளைச் சட்டமே இருக்கிறது. சட்டம் படித்த பிள்ளை வீட்டில் இருக்கிறதே, அதனிடமே கேளுங்கள்.