ஓடுகிற காலுக்கு எலும்பே முதல்

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிச் சாலைகளில் விடியும் முன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஓடிய களைப்போடு அவர்கள் வந்து நிற்பது நமது கடை வாசலில்தான். "அண்ணாச்சி, முழங்காலுக்குக் கீழே வலிக்குது, தைலம் கொடுங்க" என்பார் ஒருவர். "புரோட்டீன் பவுடர் வாங்கினா நல்லதா?" என்பார் மற்றொருவர். நாம் சொல்லும் பதிலில் ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது.

தினமும் நெடுந்தூரம் ஓடும்போது கால் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. போதிய உணவும் ஓய்வும் இருந்தால் உடலே அதைச் சரிசெய்துகொள்ளும். இல்லையேல் மயிரிழை போல விரிசல் விழும்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அங்கே கஞ்சியும் ஊறுகாயும்தான் தமக்கு உணவாயின என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஓரிரு நாள் குறைவு ஓட்டத்தைப் பாதிக்கும். மாதக்கணக்கில் குறைந்தால் எலும்பையே அரிக்கும். வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் வியாபாரி கைமுதலைத் தின்பது போலத்தான் இதுவும். ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அது முதல் எச்சரிக்கை.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த அளவு. நூறு கிராம் பச்சரிசியில் 10 மில்லிகிராம் கூட இல்லை. அதே எடை கேழ்வரகில் சுமார் 350. எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய 240. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடும் நல்ல சரக்கே. எள்ளில் உள்ளது முழுவதும் உடம்பில் சேராது என்பதால் எதையும் கலந்து உண்பதே சிறப்பு. கடலை மிட்டாயும் பொட்டுக்கடலையும் ஓடியவருக்கு உடனடித் தெம்பு தரும். இவை அனைத்தும் நம் கடையில் உள்ளவையே.

கால்சியம் சேர வைட்டமின் டி வேண்டும். 2004-இல் ஒலிம்பிக் மாரத்தான் வெண்கலம் வென்ற அமெரிக்காவின் தீனா காஸ்டர், 2008 பெய்ஜிங்கில் பாத எலும்பு முறிந்து பாதியில் நின்றார். பிறகு பார்த்தால் அவருக்கு வைட்டமின் டி குறைவு! தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிவகாசியை வாழவைத்த வெயில் நமக்கு இலவசம். ஆனால் விடியும் முன் ஓடிவிட்டு, பகலெல்லாம் அறைக்குள் படிப்பவருக்கு அது கிடைப்பதில்லை. காலை பத்து மணிக்கு மேல் சிறிது நேரம் கை கால்களில் வெயில் படவேண்டும். கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

எலும்பில் ஒரே இடத்தில் விரல் பட்டாலே வலித்தால் தைலம் தீர்வல்ல. ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் மீண்டும் காட்ட வேண்டும்.

ஒரு டப்பா பவுடரில் வரும் லாபம் ஒருநாள் லாபம். கேழ்வரகையும் எள்ளையும் கொடுத்து நல்ல யோசனையும் சொல்லி அனுப்பினால், அந்தத் தம்பி காக்கி உடையில் வந்தும் நம் கடையில்தான் சாமான் வாங்குவார்.