கறுப்புத் தாளில் பிறந்த கோதம்

முதலில் அந்த ஒரு நிமிட முகப்பைப் பார்த்துவிடுங்கள். இரவு வானத்தில் போலீஸ் வான்கப்பல் மிதக்கிறது. ஒரு வங்கி வெடிக்கிறது. இரண்டு திருடர்கள் மொட்டைமாடியில் ஓடுகிறார்கள். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கண்கள் முறைக்கின்றன. அப்புறம் அடி, உதை! போலீஸ் வந்து சேரும்போது திருடர்கள் கட்டுண்டு கிடக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கட்டட உச்சியில், மின்னல் வெட்டில் நிற்கிறது அந்த உருவம்.

கவனித்தீர்களா? தொடரின் பெயர் எங்குமே வரவில்லை! ஒரு சொல் வசனமும் இல்லை! இவன் யாரென்று உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்கிற தெம்பு! சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' முழுவதையும் மறுபடி பார்க்க உட்கார்ந்தால், ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. திரைக்குப் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு பார்ப்பதில் அப்படி ஒரு கொண்டாட்டம்!

அந்த இருட்டிலிருந்தே தொடங்குகிறேன். புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி இருவரும் அப்போது வார்னர் பிரதர்ஸின் 'டைனி டூன்' என்ற வேடிக்கைத் தொடரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கலைஞர்கள். பேட்மேனை வைத்துக் கார்ட்டூன் செய்யும் யோசனை நிறுவனத்தில் எழுந்ததும் டிம் ஆளை வரைந்தார், ராடோம்ஸ்கி ஊரை வரைந்தார். எதில் வரைந்தார் தெரியுமா? கறுப்புத் தாளில்! பின்னணி ஓவியம் என்றால் வெள்ளைத் தாளில் வண்ணம் ஏற்றி, வேண்டிய இடத்தில் நிழல் போடுவதுதான் வழக்கம். இவர் தலைகீழாக, வெளிச்சத்தை மட்டும் தீட்டினார். ஒரு ஜன்னலின் மஞ்சள், சிவந்த வானத்தின் ஒரு கீற்று, தெருவிளக்கின் விளிம்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தாள். நாம் பயந்து பயந்து பார்த்த கோதம் நகரத்து இருட்டில் பாதி, தூரிகையே படாத வெறும் கறுப்புத் தாள்! இதைத் தெரிந்துகொண்டபின் என்னால் கதையை ஒழுங்காகப் பின்தொடரவே முடியவில்லை. தாள் எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே தொடங்குகிறது என்றே கண் தேடுகிறது.

இந்த இருவரும் சேர்ந்து வசனமே இல்லாமல் ஒரு குட்டி மாதிரிப் படம் எடுத்துக் காட்டினார்கள். அனிமேஷன் பிரிவின் தலைவர் ஜீன் மெக்கர்டி அதைப் பார்த்தார். அதற்கு முன் எதையும் தயாரித்துப் பழகாத இரண்டு பேர் கையில் தொடர் வந்து சேர்ந்தது. 1992 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பு தொடங்கியது. எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்த மெக்கர்டி அம்மையாருக்கு ஒரு பெரிய கும்பிடு.

இசைக்கு வருவோம். டிம் பர்ட்டன் இயக்கிய 1989 பேட்மேன் படத்தில் டேனி எல்ஃப்மேனின் இசையை நடத்தித் தந்த ஷெர்லி வாக்கர்தான் இங்கே இசைப் பொறுப்பு. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புதிதாக எழுதி, உண்மையான இசைக்குழுவை உட்கார வைத்து வாசித்துப் பதிவு செய்தார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு! கண்ணை மூடிக்கொண்டு ஓர் அத்தியாயத்தைக் கேட்டுப் பாருங்கள், சினிமா கேட்கும்.

குரல்கள்? ஐயோ, குரல்கள்! ஆண்ட்ரியா ரோமானோ குரல் இயக்குநர். நடிகர்களைத் தனித்தனியாக அழைத்துப் பதிவு செய்யாமல், ஒரே அறையில் கூட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வைத்தார். பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் ஜூலியார்டில் நாடகம் படித்தவர். முகமூடி இல்லாத புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், அதே ஆள் முகமூடி மாட்டிப் பேட்மேன் ஆனதும் அடிவயிற்றிலிருந்து வேறு குரல் என்று பிரித்துக் கொடுத்தார். வில்லன் ஜோக்கருக்கு முதலில் ஒப்பந்தமானவர் டிம் கரி. அவர் விலகும்படி ஆனது. அந்த இடத்துக்கு வந்தவர் 'ஸ்டார் வார்ஸ்' லூக் ஸ்கைவாக்கர், ஆம், மார்க் ஹாமில்! ஏற்கெனவே வரைந்து முடித்திருந்த ஜோக்கரின் உதட்டசைவுக்குப் பொருத்தமாக அவர் பேச வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பை மறுபடி கேளுங்கள். ஒரு காட்சியில் குழந்தைபோல, அடுத்த காட்சியில் கழுத்தில் கத்தி வைத்ததுபோல. அத்தனையும் ஒரே தொண்டை!

ஹாமில் அதற்கு முன்பே இந்தத் தொடரில் பேசிவிட்டார் என்பது இன்னொரு குஷியான சேதி. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயத்தில் ஃபெரிஸ் பாயில் என்ற ஈவிரக்கமில்லாத முதலாளியின் குரல் அவருடையது. அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. பழைய காமிக்ஸில் மிஸ்டர் ஃப்ரீஸ், பனித்துப்பாக்கி தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு சில்லறை வில்லன். எழுத்தாளர் பால் டினி அவனுக்கு நோரா என்ற மனைவியைக் கொடுத்தார். தீராத நோய்க்காரி, உறைநிலையில் வைத்துக் கணவன் காப்பாற்றப் பார்க்கிறான், செலவாகிறது என்று முதலாளி இணைப்பைப் பிடுங்கச் சொல்கிறான். உருவம் வரைந்து கொடுத்தவர் மைக் மிக்னோலா. ஃப்ரீஸுக்காக மைக்கேல் அன்சாரா ஏற்ற இறக்கமே இல்லாமல், உயிர் வற்றிப்போன குரலில் பேசினார். கடைசியில் சிறையறையில் நடனப் பெண் பொம்மை வைத்த கண்ணாடி உருண்டையைக் கையில் ஏந்தியபடி அவன் உட்கார்ந்திருக்கிறான். சின்ன வயதில் பேட்மேன் ஜெயித்துவிட்டான் என்று குதித்தேன். இப்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. எழுத்துக்கான எம்மி விருது வாங்கிய கதை இது. பின்னாளில் காமிக்ஸ் புத்தகங்களே இந்தப் பூர்வகதையை எடுத்துக்கொண்டன.

தொலைக்காட்சித் தணிக்கை கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்த காலம் அது. அந்தக் கெடுபிடிக்குள்தான் 'ராபின்ஸ் ரெக்கனிங்' பிறந்தது. சர்க்கஸ் கூடாரத்தில் பேட்மேனின் கூட்டாளி ராபினின் பெற்றோர் விழுந்து இறக்க வேண்டும், ஆனால் விழுவதைக் காட்டக் கூடாது. என்ன செய்தார்கள்? ஊஞ்சல் நம் பார்வையை விட்டு வெளியே ஆடிப் போகிறது. திரும்பி வருவது அறுந்த கயிறு மட்டும். அவ்வளவுதான்! காட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இந்த அத்தியாயத்துக்கும் எம்மி கிடைத்தது.

ஹார்லி க்வின்னை மறக்கலாமா! இன்று சினிமாவில் மார்கோ ராபி வரை போய்விட்ட அந்தப் பெண் எந்த காமிக்ஸிலும் பிறக்கவில்லை. ஜோக்கரின் ஓர் அத்தியாயத்துக்குத் துணையாக டினி எழுதிச் சேர்த்தது. டினியின் கல்லூரித் தோழி ஆர்லீன் சார்க்கின் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கனவுக் காட்சியில் கோமாளி உடையில் வந்தார். பொறி அங்கே கிடைத்தது. குரலும் அவரே கொடுத்தார்.

இனி, இந்தத் தொடரை வளர்ந்தபின் பார்க்கிறவர்கள் கட்டாயம் போய்ச் சேர வேண்டிய அத்தியாயம், 'பிவேர் தி கிரே கோஸ்ட்'. சைமன் ட்ரென்ட் என்ற நடிகர் ஒரு காலத்தில் கிரே கோஸ்ட் என்னும் தொலைக்காட்சி நாயகன். சின்ன புரூஸ் வெய்ன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து மயங்கிய நாயகன். அந்த வேடத்துக்குப் பிறகு வேறு வாய்ப்பு கிடைக்காமல், வாடகை கொடுக்கப் பழைய நினைவுப் பொருட்களை விற்கும் நிலையில் இருக்கிறார் ட்ரென்ட். அவருக்குக் குரல் கொடுத்தவர் யார்? ஆடம் வெஸ்ட்! 1966இல் பேட்மேனாக நடித்துப் புகழ்பெற்று, அந்த முத்திரையாலேயே வேறு வேடங்கள் கிடைக்காமல் தவித்த அதே ஆடம் வெஸ்ட்! பேட்மேன் அவரைத் தன் குகைக்கு அழைத்துப் போய், தான் சேர்த்து வைத்திருக்கும் கிரே கோஸ்ட் பொருட்களைக் காட்டுகிறான். உலகத்தையே நடுங்க வைக்கிறவன் அங்கே ரசிகனாக நிற்கிறான். இந்தக் காட்சியை எழுதியவர்கள், வரைந்தவர்கள், பேசியவர்கள் எல்லாரும் அந்த மனிதருக்கு மரியாதை செய்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எழுந்து நின்று கைதட்டினேன்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இந்த அத்தியாயத்தின் வில்லன், பொம்மைகள் வாங்கி வாங்கியே காசைக் கரைத்துவிட்டு, விளையாட்டுக் கார்களில் குண்டு வைத்து ஊரை மிரட்டும் ஒரு பொம்மைப் பைத்தியம். அந்தக் குரல் யாருடையது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். தயாரிப்பாளர் புரூஸ் டிம்மேதான்!