பாகம் வராவிட்டால் லைன் நிற்கும்

2021 ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகும் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை சில நாள் திறக்கவில்லை. ஆட்கள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன. காருக்குள் வைக்க வேண்டிய சிப் வரவில்லை. உலகெங்கும் செமிகண்டக்டருக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம் அது. ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள் வேண்டும். அவற்றில் நகத்தளவு பாகம் ஒன்று வராமல் போனாலும் லைன் நின்றுவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் வட்டாரத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ரோபோ எவ்வளவு வேகமாக வெல்டிங் அடித்தாலும், பாகம் வந்து சேரும் வேகம்தான் லைனின் வேகம்.

அதே ஆட்கள் ஷிப்ட் முடிந்து, மின்சார ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் வாங்கப் போய் நிற்கும்போது கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை கோர்? எத்தனை கிகாஹெர்ட்ஸ்? எத்தனை லைன் இருக்கிறது, கன்வேயர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கேட்பதற்குச் சமம் இது. பாகம் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கேட்பவர் குறைவு. கேம் ஆடுவதற்கு பிராசஸர் வாங்குவதென்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரே டெஸ்க்டாப் இரட்டை ஷிப்ட் பார்ப்பது சாதாரணம். பகலில் ஜிக், ஃபிக்ஸர், டை போன்றவற்றுக்கு கேட் (CAD) வரைபடம், ராத்திரியில் வேலரன்ட். பொத்தேரி பக்கம் கல்லூரி மாணவர்களின் அறை என்றால் ஒரு பக்கம் கோடிங், இன்னொரு பக்கம் ஜிடிஏ, நடுவில் நாற்பது குரோம் டேப். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிராசஸருக்குள் இருப்பதும் நிஜமாகவே ஓர் அசெம்பிளி லைன்தான். ஹென்றி ஃபோர்டு 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் லைனைக் கொண்டுவந்தபோது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த மாடல் டி காரின் அசெம்பிளி, கடைசியில் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. வேலையைச் சின்னச் சின்ன நிலையங்களாகப் பிரித்ததுதான் சூட்சுமம். இன்டெல் 1989-ல் வெளியிட்ட 486 சிப்பிலும் அதே ஏற்பாடு: கட்டளையை எடு, இரண்டு கட்டமாகப் பிரித்துப் படி, கணக்கிடு, எழுதி வை என்று ஐந்து நிலையங்கள். ஒரு கட்டளை மூன்றாம் நிலையத்தில் இருக்கும்போதே அடுத்தது இரண்டாம் நிலையத்துக்கு வந்துவிடும்.

நிலையத்தின் வேலை எவ்வளவு சிறிதோ அவ்வளவு வேகமாக கன்வேயரை ஓட்டலாம். இந்த ஆசையில் இன்டெல் நெடுந்தூரம் போனது. 2004-ல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4-ல் நிலையங்கள் 31. பெட்டியில் போட 3.8 கிகாஹெர்ட்ஸ் என்ற பெரிய எண் கிடைத்தது. ஆனால் மென்பொருளில் அடிக்கடி 'இப்படியா, அப்படியா' என்ற கிளைகள் வரும். விடை தெரியும்வரை காத்திருக்காமல் சிப் ஒரு பக்கத்தை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தப்பினால் லைனில் ஏறியிருக்கும் அத்தனையையும் இறக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லைன் நீளமாக இருந்தால் நட்டமும் பெரிது. போதாக்குறைக்குச் சூடு வேறு. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004-லேயே கைவிட்டார்கள். 2006-ல் வந்த கோர் 2 டுயோவில் நிலையங்கள் 14 மட்டுமே. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தச் சிப், 3.8-ல் ஓடிய பென்டியத்தை முந்தியது. பெட்டி மேல் இருக்கும் கிகாஹெர்ட்ஸை வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடுவது அன்றே செத்துப்போன வழக்கம். கடைகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி பாகம் வரும் கதை. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கின் ஐந்தில் ஒன்று, அதாவது 0.2 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். ராம் நினைவகத்திலிருந்து ஒரு தகவலைக் கொண்டுவர ஏறக்குறைய 80 நானோ நொடி ஆகிறது. கணக்குப் போட்டால் 400 துடிப்பு. அந்தத் தகவல் வரும்வரை வேறு வேலை கிடைத்தால் கோர் அதைப் பார்க்கும். கிடைக்காவிட்டால் சும்மா நிற்கும். இதற்காகத்தான் லைன் பக்கத்திலேயே ரேக் வைத்துப் பாகங்களை அடுக்குவதுபோல, சிப்புக்குள்ளேயே கேஷ் என்ற சிறு நினைவகத்தை வைக்கிறார்கள். முதல் அடுக்கு நாலைந்து துடிப்பில் கிடைக்கும். மூன்றாம் அடுக்கான எல்3-க்கு ஐம்பது துடிப்பு வரை ஆகலாம். ராம் என்பது ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கு.

வீடியோவை மாற்றுவது, படத்தை ரெண்டர் செய்வது மாதிரி வேலைகளில் அடுத்து எந்தத் தகவல் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். வரிசையாக எடுத்து வந்து வைத்துவிடலாம். கேமில் அது நடக்காது. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு பிரேம் தயாராக 6.9 மில்லி நொடிதான் அவகாசம். அதற்குள் எதிரி எங்கே, குண்டு எதன்மேல் பட்டது, கதவு திறந்திருக்கிறதா என்று நினைவகத்தின் மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டும். ஆட்டக்காரர் அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்புவார் என்று சிப்புக்குத் தெரியாது. அதனால்தான் கேமில் பெரும்பாலும் தவிப்பு ஆள் பற்றாமல் வருவதில்லை, பாகம் வராமல் வருகிறது.

ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. எட்டு கோர் கொண்ட பழைய 5800எக்ஸ் சிப்பின் மேல் 64 மெகாபைட் கேஷைத் தனித் துண்டாக அடுக்கி ஒட்டினார்கள். எல்3 கேஷ் 32-லிருந்து 96 மெகாபைட் ஆனது. மேலே ஒரு மாடி வந்ததால் சூடு வெளியேறச் சிரமம். அதற்காக வேகத்தை 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டியிருந்தது. ரெண்டரிங் சோதனைகளில் அது பழைய சிப்பைவிடச் சற்று பின்தங்கியது. கேம்களில் பழையதைத் தூக்கிச் சாப்பிட்டது. கோர் எண்ணிக்கை அதே, கிகாஹெர்ட்ஸ் குறைவு, ஆட்டம் வேகம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். சூடு நேராகக் கூலருக்குப் போகிறது, வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறிவிட்டது. இந்தக் கூடுதல் கேஷால் பெரிதும் பயனடைந்த ஆட்டங்களில் ஒன்று ஃபேக்டோரியோ. கன்வேயர் போட்டுத் தொழிற்சாலை கட்டும் ஆட்டம். நாள் முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்து இரவிலும் கன்வேயர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எக்ஸ்3டி வாங்க ஓட வேண்டாம். பலருக்குச் சிக்கல் பிராசஸரிலேயே இல்லை. ரிச்சி தெருவில் நல்ல கடைக்காரர் என்றால், "அண்ணே, ஐ7 போடட்டுமா?" என்று கேட்டதும், "மானிட்டர் என்ன தம்பி வச்சிருக்கே?" என்று திருப்பிக் கேட்பார். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 200 பிரேம் தயாரித்துக் கொடுத்தாலும் திரை காட்டப்போவது 60தான். சைபர்பங்க் 2077 மாதிரி ஆட்டங்களில் பாரமெல்லாம் கிராபிக்ஸ் கார்டின் தலையில். எங்கே அடைபடுகிறது என்று பார்க்க எளிய சோதனை உண்டு: கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் அதுவரை இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர்.

பல வேலைகளை ஒரே நேரத்தில் பார்ப்பதற்கு நிறைய கோர் வேண்டும் என்பதிலும் பாதிதான் உண்மை. திறந்து கிடக்கும் குரோம் டேப்களில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கின்றன; அவை கேட்பது ராமில் இடம்தான். 16 ஜிபி நிரம்பி வழிந்தால் 24 கோர் வந்தாலும் காப்பாற்றாது. ஆடுவதை யூடியூபில் நேரலையாக விட வேண்டுமென்றால், வீடியோவைச் சுருக்கும் வேலையை இன்றைய கிராபிக்ஸ் கார்டுகளில் உள்ள தனிச் சுற்றே பார்த்துக்கொள்கிறது. ஒரே ஆட்டத்தை நிறைய கோர்களுக்குப் பங்கு போடவும் எல்லை இருக்கிறது. ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு அது: வேலையில் பாதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் இருப்பது எட்டு கோர். பெரிய கேம்கள் அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. எனவே ஆட்டத்துக்கு ஆறிலிருந்து எட்டு கோர் என்பது இப்போதைக்கு நியாயமான அளவு.

கேட் வேலையிலும் இதே கதைதான். பாகத்தை வரைந்து திருத்தும்போது பெரும்பாலும் ஒரே கோர்தான் ஓடுகிறது. ரெண்டரிங், அழுத்தப் பகுப்பாய்வு என்று போனால்தான் மற்றவை விழிக்கும். அந்த வேலை தினமும் உள்ளவர்களுக்கு, 2021 முதல் இன்டெல் பின்பற்றும் முறை பொருத்தம்: சில பெரிய கோர்கள், கூடவே மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சிறிய கோர்கள். ஐ9-14900கே-யில் பெரியது 8, சிறியது 16. முன்னால் ஓடும் ஆட்டத்தைப் பெரியவற்றிலும், பின்னணி வேலைகளைச் சிறியவற்றிலும் விண்டோஸ் பிரித்துக் கொடுக்கும். ஏஎம்டியின் 16 கோர் 7950எக்ஸ்3டி வேறு வகை. அதில் எட்டு கோர்களுக்கு மட்டுமே கூடுதல் கேஷ். ஆட்டம் தவறான எட்டில் போய் உட்கார்ந்தால் கொடுத்த காசு வீண். வெறும் கேமுக்கு அதைவிட எட்டு கோர் எக்ஸ்3டியே மேல்.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பெட்டி இல்லாமல் விற்கும் 'ட்ரே பீஸ்' சில நூறு ரூபாய் குறையலாம், ஆனால் வாரன்டி யாருடையது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மதர்போர்டின் சாக்கெட்டும் முக்கியம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும், அதன் விலையோ 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து தாறுமாறாக ஏறியிருக்கிறது. டிடிஆர்4 ராம் ஏற்கெனவே வைத்திருப்பவர் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் கொட்டுவதே என் யோசனை. வேலரன்ட், சிஎஸ்2 ஆட்டங்களை 240 ஹெர்ட்ஸில் ஆட நினைப்பவருக்கும், நல்ல கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே உள்ளவருக்கும்தான் எக்ஸ்3டி.

இன்னொரு விநோதம். டெல் நிறுவனம் 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் பூட்டுகிறது. இந்த வட்டாரத்திலிருந்து போனும் காரும் உலகத்துக்கே போகின்றன. ஆனால் ரைசன் சிப்பின் மூடியைப் பார்த்தால் தைவான், மலேசியா என்று பொறித்திருக்கும். சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி பிராசஸர்கள் இருக்கின்றன. அவை கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் ஆய்வுக்குமானவை, கேமுக்கு அல்ல.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறை 10 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் சிப்பும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடுதலாகவே இருக்கும். 100 டிகிரியை நெருங்கும்போது இன்டெல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் ஆடுகிறவர் விலை உயர்ந்த சிப்பின் முழு வேகத்தைப் பார்க்கப்போவதே இல்லை. தொழிற்பேட்டைப் புழுதி கூலரில் படிந்தால் ஜனவரியிலும் அதே கதி. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகைச் சிப்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி நாளடைவில் தடுமாறியது 2024-ல் பெரிய செய்தி. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். அவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்கக்கூடாது.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடலாம். கேம் ஓடும்போது ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி எடுப்பது சுமார் 50 வாட். 14900கே எடுப்பது சுமார் 140. தினம் நாலு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் 21 யூனிட்டுக்கு மேல். 480 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இது 500-ஐத் தாண்டவைக்கப் போதும். தாண்டினால் அந்த 21 யூனிட்டோடு முடியாது. கட்டண அடுக்கே மாறி, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறும்.