மாஸ்க்கில் தடவிய லாவெண்டர்

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிகிற நேரம், நோயாளியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும். அதில் கொஞ்சம் லாவெண்டர் தைலத்தைத் தடவிவிட்டால் வலி குறையுமா? நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை இரண்டு முறை சோதித்துப் பார்த்தார்கள்.

2006இல் வெளியான முதல் ஆய்வில், மார்பகத் திசுப் பரிசோதனை செய்துகொண்ட 50 பேர். பாதிப் பேருக்கு லாவெண்டர் கலந்த ஆக்சிஜன், மற்றவர்களுக்கு வெறும் ஆக்சிஜன். வலியின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால், தங்கள் வலிக்குக் கிடைத்த கவனிப்பு திருப்தியாக இருந்தது என்றவர்கள் லாவெண்டர் தரப்பில்தான் அதிகம். 2007 ஆய்வு, உடல் பருமனுக்காக இரைப்பையில் பட்டை பொருத்திக்கொண்ட 54 பேரிடம் நடந்தது. மணமில்லாத பேபி ஆயிலை முகர்ந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு வலி மருந்து தேவைப்பட்டது. லாவெண்டரை முகர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்குத்தான். மார்ஃபின் என்ற வலி மருந்தின் அளவும் சராசரியாக 4.26 மில்லிகிராமுக்குப் பதில் 2.38 மில்லிகிராம் போதுமாக இருந்தது.

முதல் ஆய்வின் விடையைத்தான் நான் அதிகம் நம்புவேன்: லாவெண்டர் நேரடியாகத் தணிப்பது வலியை அல்ல, அதனுடன் வரும் பதற்றத்தை என்றே தோன்றுகிறது. வலி என்பது வெட்டுப்பட்ட இடம் அனுப்பும் செய்தி மட்டுமல்ல. பயமும் பதற்றமும் சேர்ந்துதான் அதைப் பெரிதாக்குகின்றன. பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். வாசனைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பயத்தைக் கையாளும் அமிக்டலாவை அது சீக்கிரமே எட்டிவிடும். லாவெண்டரின் முக்கிய வேதிப்பொருள்களில் ஒன்று லினலூல். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் 2018இல் அதை எலிகளுக்கு முகரக் கொடுத்தபோது பதற்றம் தணிந்தது. மோப்ப உணர்வை இழந்த எலிகளிடம் எந்த மாற்றமும் இல்லை.

மனிதரிடம் சோதிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மாத்திரையைப் போலி மாத்திரையால் மறைக்கலாம், மணத்தை எதைக்கொண்டு மறைப்பது? தனக்கு லாவெண்டர் கிடைத்திருக்கிறது என்று நோயாளிக்கு மூக்கு சொல்லிவிடும். அந்த நம்பிக்கையே பாதி வலியைத் தின்றிருக்கலாம்.

அரோமாதெரபி என்ற பெயரைப் பரப்பிய பிரெஞ்சு வேதியியலாளர் கட்டஃபோசே, 1910இல் ஆய்வக விபத்தில் வெந்த தன் கைக்கு லாவெண்டர் சாற்றைப் பயன்படுத்தினார். அதைப் பார்த்துத் தையல் போட்ட இடத்தில் தைலம் தடவக் கூடாது. தோலில் எரிச்சலோ ஒவ்வாமையோ வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மணமே மூச்சிரைப்பைக் கிளப்பக்கூடும். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள், மருத்துவர் சொல்லாமல் அதன் மாஸ்க்கில் எந்த எண்ணெயையும் தொட்டுவைக்க வேண்டாம். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் எளிதில் தீப்பிடிக்கும்.