சிங்கத்துக்கே வேர்க்கவைத்த சக் நாரிஸ்

சர்க்கஸில் சிங்கத்தின் வாய்க்குள் மனிதர் தலையை விடுவார். அமெரிக்க அதிரடி நடிகர் சக் நாரிஸ் கூடாரத்துக்கு வந்தால், சிங்கம்தான் அவர் வாய்க்குள் தலையை விட்டுக் கைதட்டல் வாங்கும்! கத்தி வீசுபவர் முன் அவர் நின்றால், கத்திகளே வளைந்து வழிவிடும்.

இப்படிப்பட்ட புளுகுகள் 2005-இல் அமெரிக்க இணையத்தில் பெருகின. முதலில் சிக்கியவர் நடிகர் வின் டீசல், பிறகுதான் நாரிஸ்.

ஏன் அவர்? விமானப்படை வீரராகக் கொரியாவில் இருந்தபோது தற்காப்புக் கலை கற்று, கராத்தே சாம்பியன் ஆனவர். 1972-இல் வெளியான படத்தில் புரூஸ் லீயுடனே மோதியவர். ‘வாக்கர், டெக்சாஸ் ரேஞ்சர்’ தொடரில் சிரிக்காத முகத்தோடு தீயவர்களை உதைத்தவர். உண்மையான பலசாலியைப் பற்றி அளந்துவிட்டால்தான் புளுகு ருசிக்கிறது. நம் ஊர் ரஜினி ஜோக்குகளும் இதே ரகம்தான்.

2009-இல் நாரிஸே இந்தத் துணுக்குகளில் தனக்குப் பிடித்தவற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.