அக்டோபர் மழையில் கேமரன் மலை

அக்டோபர் பிறந்துவிட்டால் சுபாங் ஜெயாவில் தெரிந்தவர்களில் பலர் கொரியாவிலோ ஜப்பானிலோ இருக்கிறார்கள். சிவந்த மேப்பிள் மரத்தடியில் கணவனும் மனைவியுமாக நின்று எடுத்த படங்கள் கைப்பேசியில் வந்து விழுந்தபடி இருக்கும். பார்க்க அழகுதான். நம் மலைகளுக்கு அந்த இலையுதிர் பருவம் கிடையாது. கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு நாலரை பாகை வடக்கேதான் இருக்கிறது. பகல் பொழுது ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம். மரத்திடம் 'இலையை உதிர்' என்று சொல்லும் குளிரும் இல்லை, குறுகிய பகலும் இல்லை. இங்கே அக்டோபர் என்றால் மழை. அந்த மழையைப் பார்க்கத்தான் நானும் என் வீட்டுக்காரரும் கேமரன் மலைக்குப் புறப்பட்டோம்.

மேற்குப் பக்கமிருந்து மலைக்கு இரண்டு வழி. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது புதிய சாலை. அகலமானது, சீக்கிரம் போய்ச் சேரலாம். தாப்பாவிலிருந்து ஏறுவது பழைய சாலை. குறுகல், தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு வளைவுக்கு மேல் வளைவு. என்னைக் கேட்டால் ஏறும்போது தாப்பா வழிதான். விடியலில் கிளம்பி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் தாண்டி, பீடோரில் இறங்கிப் பசியாறிவிட்டு, ஒரு பை கொய்யாவும் வாங்கிக்கொண்டு தாப்பாவுக்கு வந்தால் மலையேற நல்ல நேரம். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். அதற்குள் மேலே இருக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் வாயில் ஒரு ஆசாம்போய் அடக்கிக்கொள்வது நல்லது. நான் இரண்டு அடக்கிக்கொண்டேன்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பற்றி எழுதி வைத்தார். அதன்பின் நாற்பது ஆண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இங்கே ஒரு மலைநகரம் அமைக்கலாம் என்றார். அதற்குப் பிறகே தாப்பாவிலிருந்து சாலை வெட்டினார்கள். இன்று நாம் ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பும் ஒவ்வொரு வளைவும் அந்தக் காலத்தில் மலையை வெட்டி எடுத்ததுதான்.

லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டியதும் இவர் வண்டியை ஓரங்கட்டினார். பள்ளத்தாக்குக்கு அப்பால் பச்சைக் காட்டின் நடுவே இரண்டு மூன்று மரங்களின் உச்சி மட்டும் செக்கச் சிவந்து நின்றது.

“என்னங்க அது, பூவா?”

“பூ இல்ல மா. கொழுந்து.”

மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் இளந்தளிர் சிவப்பாகத்தான் வரும். கடும் வெயிலும் பூச்சியும் தாக்காமல் தளிரைக் காக்கும் நிறமி அது என்பது தாவரவியலாளர்கள் சொல்லும் விளக்கங்களுள் ஒன்று. இலை முற்ற முற்றச் சிவப்பு வடிந்து பச்சை ஏறிவிடும். குளிர்நாட்டு மரம் இலையை உதிர்க்கும் முன் காட்டும் நிறத்தை நம் மரம் இலை பிறக்கும்போதே காட்டிவிடுகிறது. கார்க் கண்ணாடியை ஏற்றிவைத்து வேகமாகப் போனால் இது கண்ணில் படாது. சாலையோரக் கொட்டகைகளில் பூர்வகுடிச் செமாய் மக்கள் பெத்தாயும் தேனும் விற்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். இந்தக் காடு அவர்களுடையது.

ரிங்லெட் வந்ததும் மனம் கனத்துவிடுகிறது. 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை இங்கேதான் இருக்கிறது. ஏரி நீர் செம்மண் குழம்பாகத் தெரிகிறது. மேலே சரிவுகளை மழித்துக் காய்கறித் தோட்டம் போட்டு, மலை மலையாகப் பிளாஸ்டிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் சேற்றோடு ஏரிக்கே ஓடிவருகிறது. கனமழையில் அணை நிரம்பி, 2013 அக்டோபர் 23 அதிகாலையில் திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. மலிவாகக் கிடைக்கும் முட்டைக்கோஸுக்கு அந்த ஊர் கொடுத்த விலை இது. சுற்றிப் பார்க்கப் போகும் நாமும் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

அங்கிருந்து 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினோம். ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய தோட்டம் இது. இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், மற்றதெல்லாம் மனிதக் கை. அந்தக் கைகளில் பெரும்பங்கு தமிழ்க் கைகள். துரைமார் பெயர் நாட்டுக்கே தெரிகிறது. காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்டவர்களின் பெயர் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

தூறலிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவு குறைந்த இடத்தில் இருவர் இரண்டு பக்கம் பிடித்து நடக்கும் இயந்திரம். செங்குத்தான இடத்தில் கத்தரி. அறுத்த வரிசை கரும்பச்சையாகவும் அறுக்காத வரிசை இளம்பச்சையாகவும் மாறி மாறித் தெரிந்தது. இன்று இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்து இறங்கிவிட்டார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

எல்லாரும் தேநீர்க் கடையின் மாடத்துக்குப் படமெடுக்கப் போக, இவர் கீழே தொழிலாளர் வீடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை வீடு, வாசலில் செம்பருத்தி, துணிக்கொடி, கொஞ்சம் தள்ளி ஒரு சிறு கோயில்.

“நம்ம லயம் மாதிரியே இருக்கு மா,” என்றார்.

இவர் பிறந்தது சீபீல்டு தோட்டத்தில். இன்று சுபாங் ஜெயா என்று நாம் சொல்லும் நிலத்தில் முன்பு பால்மரம் இருந்தது, பிறகு செம்பனை. 1970களின் நடுவில் வீடமைப்பு தொடங்கிப் படிப்படியாக யூஎஸ்ஜே வரை பரவியது. லயம் போயிற்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் போயிற்று. அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக யூஎஸ்ஜே 25-இல் சீபீல்டு மகா மாரியம்மன் கோயில் நிற்கிறது. தான் ஓடி விளையாடிய இடத்தை எங்கள் வீட்டுப் பக்கத்தில் இவரால் கைகாட்ட முடியாது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி மலையேறி வந்து, யாரோ ஒருவருடைய லயத்தைக் காட்டித்தான் தன் சிறுவயதைச் சொல்ல முடிகிறது. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடித்தது, இவருடைய அம்மா இடுப்பில் வாளியோடு கிளம்பியது, பெரிய அக்காதான் தம்பிகளுக்குப் பழைய சோறு கரைத்துக் கொடுத்தது. இவ்வளவு ஆண்டு வாழ்க்கையில் எனக்கு அரைகுறையாகத் தெரிந்த கதையை, அந்த மாடத்துக்குக் கீழே நனைந்துகொண்டே முழுதாகக் கேட்டேன்.

இரவு தானா ராத்தாவில் தங்கினோம். 1,400 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்; மழை பிடித்தால் கம்பளி கேட்கும். மறுநாள் காலை பிரிஞ்சாங் மலையில் பாசிக்காட்டைப் பார்த்தோம். மேகம் பெரும்பாலான நேரம் மரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கிளை, தண்டு, வேர் எல்லாம் பாசி மூடியிருக்கிறது. பாசிக்கிடையே குடுவைச் செடிகள் தொங்குகின்றன. பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒருமுறை மிதித்த பாசி மீண்டும் வளர வெகுகாலம் பிடிக்கும்.

மதிய மழைக்கு முன் சிம்பாங் பூலாய் வழியாக, கியரைக் குறைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல் இறங்கிவிட்டோம். இவருடைய பெரிய அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சீபீல்டில் பால் வெட்டியவர். தேயிலைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தைப்பூசம் முடிந்து பிப்ரவரியில் மலையில் மழை குறைந்திருக்கும். அப்போது அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப்போகிறோம். அவர் சொல்லச் சொல்ல நான் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன்.